பயாப்ஸி ரிப்போர்ட்டில் "கொலஸ்ட்ரால் பிளவுகள், ரஷ்டன் பாடிகள்": பல் நீர்க்கட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

விடிகாலை:
வணக்கம். மேல்தாடையில் முன்பல்லுக்கு அடுத்த பல். சின்ன வயதில் கீழே விழுந்து அடிபட்டது. நாலு நாள் வலித்தது, அப்புறம் மறந்தே போனேன். வருடங்கள் கழித்துப் பல் சாம்பல் நிறமானது. போன மாதம் ஈறுக்கு மேலே லேசாக வீங்கியதால் எக்ஸ்ரே எடுத்தார்கள். வேர் நுனியில் உருண்டையாக ஒரு கருநிழல். அறுவை செய்து கட்டியை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை எனக்குப் புரிந்தவரை தமிழில் தருகிறேன்:

"கெரட்டின் இல்லாத அடுக்குச் செதிள் எபிதீலியம், சில இடங்களில் வளைவு வளைவாகப் பெருகியுள்ளது. அடியில் நார்த்திசு உறை. அதில் லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும் (வெள்ளணு வகைகள்) அடர்ந்துள்ளன. கொலஸ்ட்ரால் பிளவுகள், ராட்சத செல்கள், ரஷ்டன் பாடிகள் காணப்படுகின்றன. எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்க்கையில் ரேடிகுலர் (பல்வேர்) நீர்க்கட்டி."

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் எலும்புக்குள் வருடக்கணக்கில் இருந்த ஒன்று எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள ஆசை. தோல் மாதிரியான எபிதீலியம் எலும்புக்குள் எப்படி வந்தது? கொலஸ்ட்ரால் என்றால் ரத்தத்தில் பார்க்கிறார்களே, அதுவா? ரஷ்டன் பாடி என்பது ஏதாவது கிருமியா?

ஸ்லைடு_வாசகி:
நான் வாய்நோய்க்குறியியல் பார்ப்பவள். நாள் முழுக்க இந்த ஸ்லைடுகளோடுதான் இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல்லின் வேர் உருவாகும்போது அதன் வடிவத்தைத் தீர்மானிப்பது ஒரு எபிதீலிய உறை. ஹெர்ட்விக் உறை என்று பெயர். வேர் உருவானதும் அந்த உறை துண்டுதுண்டாக உடைந்துவிடும். ஆனால் முழுக்க மறையாது. வேரைச் சுற்றியிருக்கும் தசைநாரில் சின்னச் சின்னச் செல் கூட்டங்களாகத் தங்கிவிடும். 1880களில் லூயி சார்ல் மலாசே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இவற்றை விரிவாக எழுதியதால் "மலாசே எச்சங்கள்" என்கிறோம். உங்களுக்கு, எனக்கு, இதைப் படிக்கிற எல்லோருக்கும் இவை இருக்கின்றன. வாழ்நாள் முழுக்கச் சும்மாவே கிடக்கும்.

உங்களுக்கு நடந்தது இதுதான். அடிபட்டதில் பல்லின் உயிர்க்கூழ் செத்தது. செத்த கூழில் பாக்டீரியா குடியேற, அதன் நச்சு வேர் நுனி வழியாகக் கசிந்தது. உடல் அங்கே அழற்சியை மூட்டியது. அழற்சியில் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மலாசே எச்சங்களை எழுப்பிவிட்டன. அவை பெருகி, நடுவில் குழிவு விட்டு, அந்தக் குழிவைச் சுற்றி உள்விரிப்பாகப் படர்ந்தன. ஆக, எபிதீலியம் வெளியிலிருந்து வரவில்லை. பல்லோடு பிறந்து அங்கேயே இருந்ததுதான்.

"வளைவு வளைவாக" என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். இளம் கட்டிகளில் எபிதீலியம் தட்டையான விரிப்பாக இருக்காது. நீண்ட இழைகளாக நார்த்திசுவுக்குள் இறங்கி, ஒன்றோடொன்று கைகோத்து, வில்வளைவுகள் வரிசையாக நிற்கும் மண்டபம் போல இருக்கும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் அழற்சி செல்கள் நிறைந்த இணைப்புத்திசு. எபிதீலியத்தின் ஊடே நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் புகுந்து போவதும் தெரியும். கட்டிக்கு வயதாகி அழற்சி தணியும்போது அந்த விரிப்பு மெலிந்து ஒரே சீராகிவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் "சில இடங்களில்" என்றிருப்பதால் ஒரு பக்கம் தணிந்தும் ஒரு பக்கம் கனன்றும் இருந்திருக்கிறது.

மூன்றாமாண்டு:
அக்கா, பாடத்தில் கெரட்டின் (தோல், நகத்தில் இருக்கும் கடினப் புரதம்) இருக்கா இல்லையா என்று மனப்பாடம் செய்தேன். அது ஏன் முக்கியம் என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஸ்லைடு_வாசகி:
நல்ல கேள்வி தம்பி, அது பெரிய கதை. முதலில் கொலஸ்ட்ராலை முடித்துவிட்டு வருகிறேன்.

விடிகாலை, ஸ்லைடில் நாங்கள் பார்ப்பது கொலஸ்ட்ராலே அல்ல, அது இருந்த இடம் மட்டும்தான். இளஞ்சிவப்பாகச் சாயமேறிய திசுவின் நடுவே ஊசி மாதிரி இரு முனையும் கூர்ந்த வெற்றிடங்கள் கொத்தாகக் கிடக்கும், கண்ணாடியில் கீறல் விழுந்தது போல. அவற்றின் ஓரத்தில் பல உட்கரு கொண்ட ராட்சத செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்த படிகங்களை விழுங்க முயன்று முடியாமல் அப்படியே நிற்கின்றன.

உங்கள் ரத்தப் பரிசோதனையோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். உறைக்குள் சிறு ரத்தக்கசிவு நடந்து சிவப்பணுக்கள் சிதையும், அழற்சி செல்கள் செத்து விழும். அந்தச் செல்சவ்வுகளில் இருந்த கொலஸ்ட்ரால் வெளியேறிப் படிகமாகிவிடுகிறது. பிளாஸ்மாவிலிருந்தும் கொஞ்சம் வந்து சேரும். அது வெளியேற வழியில்லாத மூடிய இடம், அவ்வளவுதான். அதே கசிவின் அடையாளமாகப் பக்கத்தில் பழுப்பு நிற ஹீமோசிடரின் துகள்களும், கொழுப்பை விழுங்கி நுரைத்த மேக்ரோஃபேஜ்களும் இருக்கும்.

மெழுகுக்கட்டை:
அந்த வெற்றிடம் எப்படி வருகிறது என்பதை நான் சொல்கிறேன், அது எங்கள் கையில் நடக்கிற வேலை. நான் திசு ஆய்வகத் தொழில்நுட்பர்.

ஃபார்மலினில் பதப்பட்டு வரும் துண்டை ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, சைலீனில் தெளிவாக்கி, உருக்கிய மெழுகில் ஊறவைக்கிறோம். ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். கொலஸ்ட்ரால் படிகம் அப்போதே போய்விடும், அச்சு மட்டும் மிஞ்சும். அறுவையின்போது ஊசியால் கட்டியின் நீரை இழுத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். வைக்கோல் நிற நீரில் மினுமினுவென்று துகள்கள் மிதக்கும். படிகம் உயிரோடு தெரிவது அங்கேதான்.

அப்புறம், மெழுகுக் கட்டையிலிருந்து 4 அல்லது 5 மைக்ரான் தடிமனில் சீவுகிறோம். ஒரு சிவப்பணுவின் விட்டமே சுமார் 7 மைக்ரான் என்றால் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமாடாக்சிலின் உட்கருவை ஊதாநீலமாக்கும், ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். ரிப்போர்ட்டில் வரும் எல்லா வார்த்தையும் இந்த இரண்டு நிறத்திலிருந்துதான் பிறக்கிறது.

நீர்க்கட்டிச் சுவரில் ஒரு சிக்கல் உண்டு. நீர் போனதும் பலூன் தோல் மாதிரி சுருண்டுவிடும். அதை மெழுகில் படுக்கவைத்தால் கத்தி எபிதீலியத்தைச் சாய்வாக வெட்டும். ஐந்தடுக்கு பதினைந்தடுக்காகத் தெரியும். அதனால் ஒவ்வொரு கீற்றையும் விளிம்பில் நிறுத்திவைக்க வேண்டும், புத்தகத்தை அலமாரியில் நிறுத்துவது மாதிரி. இதற்காக நான் செலவிடும் நேரத்தை எப்போதும் வீண் என்று நினைத்ததில்லை.

ஒருமுறை ஒரு கிளினிக்கிலிருந்து துண்டை ஃபார்மலினுக்குப் பதில் வெறும் உப்புநீரில் போட்டு இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். செல்கள் தானே செரித்து, உட்கருவெல்லாம் நிழலாகியிருந்தது. என்ன கட்டி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த நோயாளிக்கு அந்தத் திசு ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

விடிகாலை:
இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. ரஷ்டன் பாடி?

ஸ்லைடு_வாசகி:
கிருமி இல்லை. எபிதீலியத்துக்குள்ளேயே பளபளவென்று இளஞ்சிவப்பில், கொண்டை ஊசி வளைந்தது போலவோ சிறு கம்பி போலவோ கிடக்கும் பொருள். சிலது வட்டமாக, அடுக்கடுக்கான கோடுகளோடு இருக்கும். மிகச் சிறியது, நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். நொறுங்கும் தன்மையுள்ளது, கத்தி பட்டால் விரிசல் விடும். மார்ட்டின் ரஷ்டன் 1955இல் விவரித்தார். ரேடிகுலர் கட்டிகளில் பத்தில் ஒன்றில் இருக்கும் என்று பாடநூல்கள் சொல்லும்.

அது எதனால் ஆனது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றுவரை இரு கட்சி. பல் சார்ந்த எபிதீலியமே சுரக்கும் பொருள் என்று ஒரு கட்சி. ரத்தம் தேங்கிச் சிதைந்ததால் வந்தது என்று இன்னொரு கட்சி. எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது. பல் சார்ந்த கட்டிகளில்தான் இதைப் பார்க்கிறோம், ரத்தம் கசியும் மற்ற கட்டிகளில் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இது தெரிந்தால் "பல்லிலிருந்து வந்த கட்டி" என்பதற்கு நல்ல சாட்சி.

பிளாஸ்மா செல்களுக்குள் இளஞ்சிவப்பு உருண்டைகள் இருக்கும், அவை ரஸல் பாடிகள். பெயர் ஒலிப்பதில் குழம்பிவிடாதீர்கள். அவை வெளியேற முடியாமல் குவிந்த எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி). உறையில் இருக்கும், எபிதீலியத்தில் இருக்காது.

அமைதிப்புறா:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என் பிரச்சினை வேறு. கீழ்த்தாடையில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் கட்டி. முதல் பயாப்ஸியில் "அழற்சியுற்ற நீர்க்கட்டிச் சுவர், வகை சொல்ல இயலவில்லை" என்று வந்தது. முழுதாக எடுத்த பிறகு "ஓடோன்டோஜெனிக் கெரடோசிஸ்ட்" என்று வந்தது. முதல் ஆய்வகம் தவறு செய்துவிட்டதா? இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு எதை நம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்லைடு_வாசகி:
தவறு இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாமாண்டுத் தம்பியின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கெரடோசிஸ்ட்டின் விரிப்பு ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆறு முதல் எட்டு அடுக்கு, எங்கு பார்த்தாலும் ஒரே தடிமன். அடிவரிசைச் செல்கள் கருத்த உட்கருவோடு, வேலிக்கம்புகளை வரிசையாக நட்டது போல நிற்கும். மேற்பரப்பில் பாராகெரட்டின், அதாவது உட்கரு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கெரட்டின், அலையலையாகச் சுருங்கி இருக்கும். அடிப்பக்கம் தட்டை. நார்த்திசுவுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் வேர்முனைகள் கிடையாது. அதனால் ஸ்லைடில் பல இடங்களில் எபிதீலியம் சுவரிலிருந்து உரிந்து, தனியே சுருண்டு கிடக்கும். சுவரே மெல்லியது. சுவருக்குள் குட்டிக் கட்டிகள் வேறு ஒளிந்திருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இது ஏன் எடுத்த பிறகும் திரும்ப வருகிறது என்று புரியும். எடுக்கும்போது கிழிகிறது, கிழிந்த துண்டு ஒன்று தங்கினாலே போதும்.

இப்போது உங்கள் விஷயம். கட்டிச் சுவரில் அழற்சி வந்துவிட்டால் அந்த இடத்தில் இந்த அடையாளமெல்லாம் அழிந்துவிடும். வேலிவரிசை குலையும், கெரட்டின் மறையும், சாதாரண அடுக்குச் செதிள் எபிதீலியமாகிவிடும். ரேடிகுலர் கட்டியோடு வைத்தால் வேறுபாடே தெரியாது. முதல் பயாப்ஸியில் எடுத்த சின்னத் துண்டு அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்திருக்கும். "வகை சொல்ல இயலவில்லை" என்று எழுதியவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். முழுக்கட்டியும் கிடைத்தபோது அழற்சி தொடாத இடம் கண்ணில் பட்டிருக்கும்.

கத்திமுனை:
மேடம் சொல்வது சரி. ஆனால் அறுவை செய்பவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கட்டிகளில் முதலில் சிறு துண்டுதான் எடுக்க முடியும். கெரடோசிஸ்ட்டா, அமெலோபிளாஸ்டோமா என்ற தாடை டியூமரா, சாதாரணக் கட்டியா என்பதைப் பொறுத்து அறுவையே மாறும். அதனால் துண்டு பயாப்ஸி வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக்கூடாது.

ஸ்லைடு_வாசகி:
வேண்டாம் என்று சொல்லவில்லை டாக்டர். துண்டோடு எக்ஸ்ரேயும், எந்த இடம், எந்தப் பல், அந்தப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்ற நாலு வரியும் வர வேண்டும் என்கிறேன். "தாடைக் கட்டி" என்று இரண்டே சொல் எழுதிய படிவத்தோடு எத்தனை டப்பா வருகிறது தெரியுமா? எபிதீலியம் தன் பெயரைத் தானே சொல்வது கெரடோசிஸ்ட் போன்ற சில கட்டிகளில் மட்டும்தான். மற்றவற்றுக்கு இருந்த இடம்தான் பெயர். விடிகாலையின் ரிப்போர்ட்டில் "எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்க்கையில்" என்று எழுதியவரை நான் பாராட்டுவேன். பல்லைப் பிடுங்கிய பிறகு தாடையிலேயே தங்கிவிட்ட அதே கட்டிக்கு "ரெசிடுவல்" என்று பெயர். ஸ்லைடு ஒன்றுதான்.

கத்திமுனை:
அதை ஒப்புக்கொள்கிறேன். படிவத்தை அவசரத்தில் நிரப்புவது எங்கள் பக்கத்துக் குறைதான். இனி நானே நிரப்புகிறேன்.

மூன்றாமாண்டு:
கெரடோசிஸ்ட் வெறும் நீர்க்கட்டியா (சிஸ்ட்), டியூமரா? மூத்த மாணவர்களின் குறிப்பில் டியூமர் என்று இருக்கிறது, புதுப் புத்தகத்தில் சிஸ்ட் என்று இருக்கிறது.

ஸ்லைடு_வாசகி:
இரண்டும் அந்தந்தக் காலத்தில் சரி. பெயரை 1956இல் ஃபிலிப்சன் வைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2005 வகைப்பாட்டில் இதை டியூமர் என்று மாற்றியது. காரணம் திரும்பத் திரும்ப வரும் குணமும், பிடிசிஹெச்1 மரபணுவில் தென்பட்ட மாற்றமும். 2017இல் மறுபடி சிஸ்ட் பட்டியலுக்கே கொண்டுவந்தது. நீரை வடித்து அழுத்தத்தைக் குறைத்தால் கட்டி சுருங்குகிறது, விரிப்பும் சாதாரணமாகிறது. உண்மையான டியூமர் அப்படி அடங்குமா என்று கேட்டார்கள். அந்த மரபணு மாற்றம் இதற்கு மட்டுமே உரியது என்றும் நிறுவ முடியவில்லை. 2022 பதிப்பிலும் சிஸ்ட்தான்.

ஆர்த்தோகெரட்டின், அதாவது உட்கருவே இல்லாத கெரட்டின், கொண்ட கட்டி இப்போது தனி வகை. அதில் அடிவரிசை வேலிபோல நிற்காது, திரும்ப வருவதும் மிகக் குறைவு. கெரட்டின் என்ற ஒரே சொல்லில் நிறுத்தாமல் எந்தக் கெரட்டின் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அமைதிப்புறா, உங்களுக்கு ஒன்று மட்டும். கட்டி ஒன்றா, பல இடங்களில் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்திருப்பார். பல இடங்களில் வந்தால் கோர்லின் நோய்க்குறி என்ற மரபுவழி நிலையை யோசிக்க வேண்டும். ஒன்றே ஒன்று என்றால், வருடங்கள் கழித்தும் திரும்ப வரலாம் என்பதால் எக்ஸ்ரே கண்காணிப்பை விடாதீர்கள். வலி இல்லை, எதற்குப் போவது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அமைதிப்புறா:
ஒன்றுதான். அடுத்த எக்ஸ்ரேக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

மூன்றாமாண்டு:
டென்டிஜெரஸ் நீர்க்கட்டி பற்றியும் சொல்லிவிடுங்களேன் அக்கா.

ஸ்லைடு_வாசகி:
முளைக்காமல் புதைந்திருக்கும் பல்லின் தலையைச் சூழ்ந்து, கழுத்தில், எனாமலும் வேரும் சேரும் கோட்டில் ஒட்டியிருக்கும் கட்டி. கீழ் ஞானப்பல்லிலும் மேல் கோரைப்பல்லிலும் அதிகம். விரிப்பு இரண்டு முதல் நாலு அடுக்கு, தட்டையான அல்லது கனசதுரச் செல்கள். எனாமலை உருவாக்கி முடித்துச் சுருங்கிப்போன எபிதீலியம்தான் அது. உறை தளர்வாக, கொழகொழவென்ற அடித்தளத்தோடு வெளிறித் தெரியும். நடுவே எபிதீலியத் தீவுகள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சளி சுரக்கும் செல்களும் வரலாம்.

இதில் பொறி என்னவென்றால், முளைக்காத எந்தப் பல்லைச் சுற்றியும் இருக்கும் சாதாரணப் பற்பையும் ஸ்லைடில் இப்படியேதான் இருக்கும். எபிதீலியத்துக்கும் பல்லுக்கும் இடையில் நீர் சேர்ந்து குழிவு இருந்ததா என்பதை ஸ்லைடு சொல்லாது. எடுத்தவர் சொல்ல வேண்டும், எக்ஸ்ரே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இது இன்னும் ஆபத்தான இடம். ஒற்றைக் குழிவாக இருக்கும் அமெலோபிளாஸ்டோமா எக்ஸ்ரேயில் அச்சு அசலாக டென்டிஜெரஸ் போலவே இருக்கும். ஸ்லைடில் அடிவரிசை உட்கருக்கள் அடித்தளத்தை விட்டு மறுமுனைக்கு நகர்ந்திருக்கிறதா, அந்தச் செல்களில் வெற்றுக்குமிழ் இருக்கிறதா, மேலடுக்குகள் நட்சத்திர வடிவில் தளர்ந்திருக்கிறதா என்று தேடுவேன். விக்கர்ஸும் கோர்லினும் 1970இல் வகுத்த அடையாளங்கள் இவை. சுவரின் ஒரு மூலையில் மட்டும்கூட இருக்கலாம். அதனால்தான் எடுத்த சுவர் முழுவதையும் அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறோம்.

கத்திமுனை:
அரிதானவற்றில் ஒன்று சொல்கிறேன். ஒருமுறை ரிப்போர்ட்டில் "பேய்ச் செல்கள்" என்று வந்தது.

ஸ்லைடு_வாசகி:
கால்சிஃபையிங் ஓடோன்டோஜெனிக் சிஸ்ட். செல்லின் வெளிக்கோடு அப்படியே இருக்கும், உட்கரு இருந்த இடம் மட்டும் வெளுத்த ஓட்டை. வீட்டில் ஆள் காலி செய்துபோனாலும் சுவர் நிற்பது போல. கோர்லினும் கூட்டாளிகளும் 1962இல் தனி வகையாக அறிவித்தார்கள். அந்தச் செல்களில் கால்சியம் படியும்.

விடிகாலை:
கடைசியாக ஒரு சந்தேகம். வேர் சிகிச்சை மட்டும் செய்திருந்தாலே என் கட்டி ஆறியிருக்குமா?

ஸ்லைடு_வாசகி:
சில ஆறும். கட்டியின் குழிவு வேர்க்கால்வாயோடு திறந்து சேர்ந்திருந்தால் அதைப் பை நீர்க்கட்டி என்கிறோம். கால்வாயைச் சுத்தம் செய்தால் ஆற நல்ல வாய்ப்பு. எபிதீலியம் நாலு பக்கமும் மூடி, பல்லோடு தொடர்பே இல்லாமல் தனி உலகமாகிவிட்டால் அது முழு நீர்க்கட்டி. அதுவும், உடலால் கரைக்க முடியாத கொலஸ்ட்ரால் படிகங்கள் நிறைந்த கட்டியும் சிகிச்சைக்கு எளிதில் அடங்கா என்பது நாயர் போன்ற ஆய்வாளர்களின் கருத்து. அவர் குழு 1996இல் வேர் நுனியோடு எடுத்த 256 புண்களைத் தொடர்ச்சியாகச் சீவிப் பார்த்தது. 15 சதவீதம்தான் உண்மையில் நீர்க்கட்டி, பெரும்பாலானவை கிரானுலோமாவும் (அழற்சித் திசுத் திரள்) சீழ்ப்புண்ணும். எக்ஸ்ரேயில் மூன்றும் ஒரே கருநிழல்தான். உங்களுடையது எந்த வகை என்று, பல்லோடு சேர்த்து எடுக்காததால், இப்போது சொல்ல முடியாது.

மெழுகுக்கட்டை:
விடிகாலை, ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் ஆய்வகங்கள் பத்திரமாக வைத்திருக்கும். ரிப்போர்ட்டின் மேலே ஒரு எண் இருக்கும். அதைச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள், காட்டுவார்கள்.

விடிகாலை:
கேட்டேன், காட்டினார்கள். இரட்டைத் தலை நுண்ணோக்கியில் ஒரு பக்கம் அந்த டாக்டர், மறுபக்கம் நான். முதலில் எல்லாம் ஒரே இளஞ்சிவப்புப் புழுதியாக இருந்தது. அவர் மெல்ல ஸ்லைடை நகர்த்த நகர்த்த, மண்டபத்து வளைவுகள் வந்தன. அப்புறம் கீறல் மாதிரி ஊசி வெற்றிடங்கள், ஓரத்தில் ராட்சத செல்கள். ரஷ்டன் பாடியை நானே கண்டுபிடித்தேன், அவர் சுட்டிக்காட்டவில்லை. கொண்டை ஊசியேதான். வளைவில் ஒரு சின்ன விரிசல்கூட இருந்தது.